பால் வண்டிக்கு வெளிச்சம் வழங்கிய வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது முதல் படி. மின்சாரத்தைக் கண்டுபிடித்தது இரண்டாம் படி. மூன்றாம் படியை எடுத்து வைத்தது எங்கள் பால் நிறுவனம். வண்டியின் முகப்பு விளக்கு சாலையைப் பார்ப்பதற்காகத்தான் இருக்கிறது என்ற பழைய மூடநம்பிக்கையை உடைத்தெறிந்த பெருமை எங்கள் நிர்வாகத்தையே சேரும். தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் அந்த நிறுவனத்தின் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்றால் நான், ஒரு நாற்காலி, அவ்வப்போது உயிர் வரும் ஒரு கணினி. மாதம் ஒரு செய்தி மடல் வெளியிடுகிறோம். தற்பெருமைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்களிடம் வண்டிகள் பல இருந்தாலும் வரலாற்றில் இடம்பிடித்தது ஒரு பழைய பிக்கப் வண்டிதான். விடிவதற்கு முன்பே பால் டிரேக்களை ஏற்றிக்கொண்டு, வாய்க்கால் கரை வழியாக அக்கரைக் குடியிருப்புக்கும் அங்குள்ள மருத்துவமனைக்கும் போகிற வண்டி அது. இடது முகப்பு விளக்கின் கண்ணாடி வெயில் குடித்துக் குடித்து மஞ்சள் பூத்திருந்தது. வலது விளக்குக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, அதில் சில பூச்சிகள் நிரந்தரக் குடியுரிமை பெற்றிருந்தன. பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு பிரேக்கை மிதித்தால் எரியாது, ஹாரன் அடித்தால் எரியும். இண்டிகேட்டரோ இடதா வலதா என்பதை யாரையும் கேட்காமல் தானே முடிவு செய்யும். இத்தகைய சுயசிந்தனை எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் அனுமதிக்கப்பட்டதில்லை.

வண்டி காலியாக நின்றால் இரண்டு விளக்கும் பணிவோடு தரையைப் பார்க்கும். டிரேக்களை ஏற்றினால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். பின்பக்கம் அமுங்கும், மூக்கு மேலே தூக்கும், உள்ள வெளிச்சம் மொத்தமும் மரக்கிளைகளுக்குப் போய்ச் சேரும். பொழுது விடிந்துவிட்டதாக நம்பிக் காக்கைகள் கத்தத் தொடங்கும்.

இந்த வண்டியை ஓட்டியவரை அலுவலகத்தில் எல்லோரும் 'ஆந்தை' என்று கூப்பிடுவோம். பாசத்தோடுதான். அவர் மனைவி தையல்கடையில் வேலை செய்கிறார், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. குடும்பம் இருப்பதாலோ என்னவோ, ஆந்தைக்கு உயிர்மேல் அளவுக்கு மீறிய பற்று. ஒரு நாள் மேலாளர் அறைக்குள் வந்து நின்றார்.

"சார், ஹெட்லைட் ரோட்டுல விழ மாட்டேங்குது."

"எங்க விழுது?"

"மரத்துல சார்."

"விழுதுல்ல? அப்போ எரியுதுன்னு அர்த்தம்."

"எரியுது சார். ஆனா எனக்கு ரோடு தெரியல. வாய்க்கால் வளைவுல தடுப்புச் சுவரே கிடையாது. என்னைக்காவது வண்டியோட உள்ள போயிடுவேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது."

மேலாளரின் முகம் வாடியது. ஊழியர்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

"பாலுக்கு என்ன ஆகும்?"

"பாக்கெட் பால்தானே சார், மிதக்கும். நான்தான் மிதக்க மாட்டேன்."

பிரச்சினையின் தீவிரத்தை உணர்ந்த மேலாளர் அன்றைக்கே 'முகப்பு ஒளி உயர்மட்ட ஆய்வுக் குழு'வை அமைத்தார். தலைவர் மேலாளர். உறுப்பினர்கள் கணக்குப் பிரிவுத் தலைவர், கிடங்குக் காப்பாளர், அடியேன். குழு கூடித் தேநீர் அருந்தி, ஆய்வை எப்போது நடத்துவது என்று விவாதித்தது. அலுவலக நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து. அதற்குள் எல்லோருக்கும் வசதியான நேரம் நண்பகல்.

"சார், இருட்டுல பார்க்கணும் சார்" என்றார் ஆந்தை.

"இருட்டுல எப்படிப்பா ஆய்வு பண்றது? ஒண்ணும் தெரியாதே!" என்றார் மேலாளர்.

குழு மொத்தமும் தலையாட்டி ஆமோதித்தது. ஆந்தை விடவில்லை. "அப்போ டிரேயாவது ஏத்திட்டுப் பாருங்க சார். காலி வண்டியில ஒண்ணும் தெரியாது" என்றார். பால் வெயிலில் கெட்டுவிடும் என்று கிடங்குக் காப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே உச்சி வெயிலில், காலி வண்டியில், ஆய்வு தொடங்கியது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தோம். விளக்கைப் போட்டுப் பார்த்தோம், அணைத்துப் பார்த்தோம். இரண்டு நிலையிலும் எதிரிலிருந்த சுவர், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு, அறிவிப்பிலிருந்த எழுத்துப்பிழை எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. கணக்குப் பிரிவுத் தலைவர் விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடாக இருப்பதாகச் சான்று அளித்தார். பெரும்பகுதி வெயிலின் சூடு என்பதை யாரும் குறிப்பிடவில்லை. 'விளக்கு எரிகிற நிலைக்கும் எரியாத நிலைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே விளக்கு குறைபாடற்றது' என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

விளக்கில் கோளாறு இல்லையென்றால் வேறு எதிலோ கோளாறு இருக்க வேண்டும் அல்லவா? ஆந்தையைக் கண் மருத்துவரிடம் அனுப்பினோம். மருத்துவர் காட்டிய எழுத்துப் பலகையில் கடைசி வரிவரைக்கும் படித்த ஆந்தை, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டார். இப்படியொரு பார்வையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அதைப் படித்த மேலாளர் பூரித்துப் போனார்.

"இவ்வளவு நல்ல கண்ணை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குப்பா லைட்டு?"

"சார், கண்ணுல இருந்து வெளிச்சம் வராது சார்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க. சரி, விதி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

விதி தெளிவாக இருந்தது. பாதுகாப்பு சார்ந்த உதிரிபாகத்தை மாற்ற வேண்டுமானால் அதற்கு ஒரு விபத்து நடந்திருக்க வேண்டும். இந்த வண்டிக்கு இதுவரை விபத்தே நடந்ததில்லை. ஆந்தை செய்த தவறு அதுதான்.

"அப்போ விபத்து நடந்தாத்தான் மாத்துவீங்களா சார்?"

"நான் என்னப்பா பண்றது, விதி அப்படி. சின்னதா ஒண்ணு நடந்தாப் போதும்." மேலாளர் விரலை உயர்த்தினார். "ஆனா வண்டிக்குச் சேதம் ஆகக் கூடாது, சொல்லிட்டேன்."

ஆந்தை வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. சில நாள் கழித்து மேலாளரின் கைப்பேசிக்கு யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். இருட்டில் எங்கள் பிக்கப் வருகிறது, அதன் இடதுபக்க ஜன்னலிலிருந்து வளையல் போட்ட ஒரு கை வெளியே நீண்டு ஒரு பெரிய டார்ச்சைப் பிடித்திருக்கிறது. மேலாளருக்கு வந்ததே கோபம்! கணவன் மனைவி இருவரையும் உடனே வரச் சொன்னார். தையல்கடையிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்து நின்றார் அந்த அம்மா.

"யாரும்மா நீ, எங்க வண்டியில?"

"ஹெட்லைட் சார்."

"என்ன?"

"வலதுபக்க லைட்டுல பூச்சி குடியிருக்கு. இடதுபக்கம் மரத்தைப் பார்க்குது. அதான் நான் ஒரு கை பிடிக்கிறேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டுல தூங்க வச்சுட்டு வரேன் சார், தினமும்."

"அனுமதி இல்லாம வண்டியில ஆள் ஏறக் கூடாதுன்னு தெரியாதா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அவருக்கு ஆச்சுன்னா?"

"அது வேற விஷயம். அவர் அனுமதியோட போறாரு."

அந்த அம்மாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. "சார், இவரு வண்டி எடுத்துட்டுப் போனா, திரும்பி வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்கு உயிர் உயிரா இருக்கிறதில்ல. நீங்க ஒரே ஒரு நாள் இவருகூடப் போய்ப் பாருங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

மேலாளர் பெருந்தன்மையோடு சிரித்தார். தமக்குத் தலைக்குமேல் வேலை இருப்பதை விளக்கினார். டார்ச்சுக்குத் தடை விதித்து ஓர் உத்தரவும், இனி இப்படிப் பேசினால் வேலை போகும் என்று வாய்மொழியாக ஓர் அறிவுரையும் ஆந்தைக்கு வழங்கினார்.

இருந்தாலும் அவர் மனம் கேட்கவில்லை. வண்டி விளக்கு விஷயத்தில் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று துடித்தார். இந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மனைவியின் தம்பி வெளியூரிலிருந்து ஏதோ ஒரு படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நிறுவனங்களின் 'தோற்றப் பொலிவு' பற்றிய படிப்பு. படித்தவர் வீட்டில் சும்மா இருந்தால் அக்காவுக்குத் தலைவலி என்பதால், மேலாளர் அவரை நிறுவனத்தின் ஆலோசகராக நியமித்தார். ஆலோசகர் பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

"அத்தான், இந்த வண்டிக்கு ரோடு தெரியுதா இல்லையாங்கிறது விஷயமே இல்ல."

"பின்ன?"

"ரோட்டுக்கு இந்த வண்டி தெரியுதா? அதான் விஷயம்."

மேலாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எப்படி மச்சான் இதெல்லாம் யோசிக்கிற?" என்றார்.

ஒரே வாரத்தில் வண்டி அடையாளம் தெரியாமல் மாறியது. பக்கவாட்டில் ஓடி ஓடி எரியும் வண்ணப் பட்டைகள். வண்டிக்கு அடியில் நீல வெளிச்சம். கூரைமேல் ஒளிரும் பசுமாடு ஒன்று. அந்தப் பசு வாலை ஆட்டும், கண் சிமிட்டும், சில நொடிகளுக்கு ஒருமுறை 'புத்தம் புதுப் பால்' என்ற எழுத்தை வாயிலிருந்து வெளியிடும். இவ்வளவுக்கும் மின்சாரம் கொடுத்தது வண்டியின் அதே கிழட்டு பேட்டரி. மாடு எரியத் தொடங்கியதும் முகப்பு விளக்குகள் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கிவிட்டன. கூரை வெளிச்சம் கண்ணாடியில் பட்டு ஆந்தையின் கண்ணிலேயே திரும்பி அடித்தது. முன்பு அவருக்கு மரங்களாவது தெரியும். இப்போது மாட்டின் வால்தான் தெரிந்தது.

"சார், மாட்டை மட்டுமாவது அணைச்சுக்கலாமா?" என்று கெஞ்சினார்.

"அதுக்குச் சுவிட்சே வைக்கல" என்றார் ஆலோசகர் பெருமையோடு.

வாய்க்கால் கரையில் எதிரே வந்தவர்கள், இருட்டில் ஒரு பசு தண்ணீருக்கு மேலாக வாலை ஆட்டிக்கொண்டு மிதந்து வருவதைப் பார்த்துச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நிறுவனத்தின் புகழ் இப்படி நாலா பக்கமும் பரவியதை நான் செய்தி மடலில் பதிவு செய்தேன். அட்டையில் மேலாளரும் மாடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

வெற்றியைப் படமாக்க வேண்டாமா? 'உழைப்பாளியோடு ஒரு விடியல்' என்று ஒரு காணொளி எடுக்கலாம் என்றார் ஆலோசகர். மேலாளர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் வண்டியில் போவார், நான் பின்னால் டிரேக்களுக்கு நடுவே நின்று சிறு ஜன்னல் வழியாகப் படம் பிடிப்பேன். ஆலோசகர் வரவில்லை. "நான் அதை வெட்டி ஒட்டுறப்போ சேர்ந்துக்கறேன் அத்தான்" என்றார்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். மேலாளர் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் காலணியுமாக வந்திருந்தார். ஊருக்குள் தெருவிளக்கு இருந்தவரை அவர் கேமராவைப் பார்த்து உழைப்பின் மேன்மை பற்றி நன்றாகப் பேசினார். வண்டி வாய்க்கால் கரைக்குத் திரும்பியது. தெருவிளக்கு தீர்ந்தது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"ரோடு எங்கப்பா?"

"இங்கதான் சார் இருக்கணும்."

"இருக்கணுமா?"

"நேத்து இருந்துச்சு சார்."

மேலாளர் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். கூரையில் மாடு கண் சிமிட்டியது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் நீலமாகவும் பச்சையாகவும் மாறி மாறித் தெரிந்தது.

"நீ எதைப் பார்த்துப்பா ஓட்டுற?"

"முன்னெல்லாம் மரத்தைப் பார்த்து ஓட்டுவேன் சார். பெரிய மரம் வந்தா வளைவு வரப்போகுதுன்னு கணக்கு. இப்போ மாடு வந்தப்புறம் மரமும் தெரியல."

"அப்போ?"

"காதை வச்சுத்தான் சார். தண்ணிச் சத்தம் இடதுபக்கமே கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"இப்போ எந்தப் பக்கம் கேக்குது?"

ஆந்தை ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார்.

"முன்னாடி சார்."

"நிறுத்துடாஆஆ!"

அந்த அலறலில் காக்கைகள் அத்தனையும் எழுந்துவிட்டன. வண்டி குலுங்கி நின்றது. ஒரு டிரே என் காலில் விழுந்தது. முன்சக்கரத்துக்குக் கீழிருந்து மண் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மேலாளர் எப்படிக் கதவைத் திறந்தார், எப்படி இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போது வண்டிக்குப் பின்னால் வெகுதூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆந்தைதான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "ஒண்ணும் இல்ல சார், தினமும் இப்படித்தான் சார்" என்று ஆறுதல் சொன்னார்.

அதற்குமேல் மேலாளர் வண்டியில் ஏறவில்லை. கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி, சேற்றில் புதையும் காலணியோடு, "வா... வா... மெதுவா வா... ஐயோ, அந்தப் பக்கம் வேணாம்" என்று கூவிக்கொண்டே வண்டிக்கு முன்னால் நடந்தார். முழு வாய்க்கால் கரையையும் இப்படி நடந்தே கடந்தார். அன்று மருத்துவமனைக்குப் பால் தாமதமாகப் போனாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

வெளிச்சம் வந்தபிறகு ஒரு வாடகைக் கார் பிடித்து வீட்டுக்குக் கிளம்பினார் மேலாளர். ஏறுவதற்கு முன் ஆந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எப்படிப்பா தினமும்... எப்படிப்பா..." என்றார். கார் போனதும் ஆந்தை மனைவிக்குப் போன் போட்டார். "அவரே நேர்ல பார்த்துட்டார். இனிமே உனக்குக் கவலை இல்ல. நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லும்போது அவர் குரலில் ஈரம் இருந்தது. எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. நல்லது நடக்கப்போகிறது என்று நானும் நம்பினேன்.

நடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கே மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். இத்தனை வேகத்தில் எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் நகர்ந்ததில்லை. ஆந்தையை வரவழைத்து, என்னையே படிக்கச் சொன்னார். நான் கம்பீரமாகப் படித்தேன்.

'வாய்க்கால் கரைச் சாலையில் பால் வண்டியின் முகப்பு விளக்கால் உயிருக்கு ஆபத்து உள்ளது என்பது நேரடி ஆய்வில் ஐயமற உறுதிப்பட்டுள்ளது. எனவே நிறுவனத்தின் அதிகாரிகள் எவரும் இன்று முதல் அந்த வண்டியில் பயணம் செய்யக் கூடாது.'

உத்தரவு அதோடு முடிந்துவிட்டதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். முடிந்துவிட்டது.

"அப்போ நான் சார்?" என்றார் ஆந்தை.

"நீ அதிகாரி இல்லையேப்பா."

ஆந்தை சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னப்பா இது?"

"சாவி சார். நான் வேற வேலை பார்த்துக்கறேன்."

"இப்போ வேலையை விட்டா குடும்பத்துக்கு என்னப்பா பண்ணுவ?"

"தெரியல சார். ஆனா என் பொண்டாட்டிக்கு நான் வேணுமாம்."

வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். "கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆந்தை தலையாட்டினார். "சரி வாங்க, சாப்பிட்டீங்களா இல்லையா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். நான் என் மேசைக்குத் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தட்டலாம் போல இருந்தது. சம்பளம் வாங்குகிற கை என்பதால் மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து மேலாளர் கூப்பிட்டார். புது ஓட்டுநருக்கு உடனே பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன், அவர் அறைக்குள் உலாவிக்கொண்டே சொன்னார்.

"'பால் வண்டிக்கு ஓட்டுநர் தேவை.' எழுதிட்டியா? 'அதிகாலையில் எழும் பழக்கம் வேண்டும்.' போடு. 'தைரியசாலியாக இருப்பது நல்லது.'"

சட்டென்று நின்றார். நெற்றியைத் தடவினார்.

"இன்னொரு வரி சேர்த்துக்கோ. 'திருமணம் ஆகாதவருக்கு முன்னுரிமை.'"

"அது எதுக்கு சார்?"

மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண் கலங்கியிருந்தது.

"நானும் அந்த வாய்க்காலைப் பார்த்துட்டு வந்தவன்தானேப்பா. பொண்டாட்டி பிள்ளை இருக்கிறவனை அதுல அனுப்ப எனக்கு மனசு வரல."

நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தே ஒருவனைச் சாக அனுப்புகிறவர்களில் இவ்வளவு இளகிய மனம் படைத்தவரை எங்கும் கண்டதில்லை.